உயிரின வகைப்பாட்டைத் தரவுத்தளத்தில் அமைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகச் சேகரிப்பு, களப் பதிவு, மரபணு வரிசைத் தொகுப்பு போன்ற பணிகளுக்காகத் தொடர்புசார் தரவுத்தளம் ஒன்றை வடிவமைப்பவர்கள் உயிரின வகைப்பாட்டைச் சேமிக்க முயலும்போது மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிற்றினம், பேரினம், குடும்பம் என எந்தப் படிநிலையில் இருந்தாலும், ஒரு குழுவாகக் கருதப்படும் உயிரினத் தொகுப்பை இப்பக்கம் முழுவதும் ‘அலகு’ என்றே குறிப்பிடுகிறோம். அட்டவணையின் கிடை வரியைப் ‘பதிவு’ என்றும் நெடுவரிசையைப் ‘புலம்’ என்றும் சொல்கிறோம். ‘வரிசை’ என்பது இங்கே ஒரு வகைப்பாட்டுப் படிநிலையின் பெயர்.

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏழு புலங்களுடன் ஒரே அட்டவணை அமைத்தால் போதாதா?

ஒருமுறை உருவாக்கி, பிறகு படிக்க மட்டுமே பயன்படும் பட்டியலுக்கு அது போதும். தரவை நாளடைவில் திருத்திப் பராமரிக்க வேண்டுமென்றால் அந்த வடிவம் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, ஒரே உண்மை பல பதிவுகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. பாந்தரா என்ற பேரினத்தில் இன்று வாழும் சிற்றினங்கள் புலி, சிங்கம், சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை என ஐந்து. பாந்தரா ஃபெலிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஒரே ஒரு செய்திதான் என்றாலும், ஏழு புல அட்டவணையில் அது ஐந்து பதிவுகளில் இருக்கும். அவற்றில் ஒன்றில் எழுத்துப் பிழை நேர்ந்தால் பாந்தரா இரண்டு குடும்பங்களுக்குச் சொந்தமாகிவிடும். அதைத் தரவுத்தளம் கண்டுகொள்ளாது. ஒரு செய்தி ஒரே இடத்தில் மட்டும் இருக்குமாறு அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்கத்தின் மூன்றாம் நிலை விதி தடுக்க முயலும் பிழை இதுவே.

இரண்டாவது, படிநிலைகள் ஏழோடு நிற்பதில்லை. துணைக்குடும்பம், மேல்குடும்பம், துணைவரிசை, கீழ்வரிசை எனப் பல இடைநிலைகள் வழக்கில் உள்ளன. வைரஸ்களின் வகைப்பாட்டை நெறிப்படுத்தும் பன்னாட்டுக் குழு மட்டும் 15 படிநிலைகளைப் பயன்படுத்துகிறது. தேவைப்படும்போதெல்லாம் புலங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பெரும்பாலான பதிவுகளில் பெரும்பாலான புலங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

மூன்றாவதுதான் மிகக் கடுமையானது. வகைப்பாடு மாறும்போது படிநிலைகளும் இடம் மாறுகின்றன. திமிங்கிலங்களும் டால்பின்களும் அடங்கிய செட்டேசியா நெடுங்காலம் தனியொரு வரிசையாகவே கருதப்பட்டது. நீர்யானைதான் அவற்றின் மிக நெருங்கிய உறவு என்று மூலக்கூறுச் சான்றுகள் காட்டிய பிறகு, செட்டேசியா இரட்டைப்படைக் குளம்பிகளின் வரிசையான ஆர்டியோடாக்டைலாவுக்குள் வைக்கப்பட்டது. ‘வரிசை’ என்று ஒரே ஒரு புலம் இருக்கும் அட்டவணையில் செட்டேசியாவை இனி எங்கே எழுதுவது? ஆர்டியோடாக்டைலா என்று மாற்றி எழுதினால் செட்டேசியா என்ற குழுவே தரவிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஒவ்வொரு படிநிலைக்கும் தனித்தனி அட்டவணை வைத்து அயற்சாவியால் இணைக்கலாமா?

அயற்சாவி என்பது வேறொரு பதிவின் எண்ணைச் சுட்டும் புலம்; சுட்டப்படும் பதிவு இருக்கிறதா என்பதைத் தரவுத்தளமே உறுதிசெய்யும். இதனால் திரும்ப எழுதும் சிக்கல் மட்டும் தீரும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். மேலும், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று இன்னும் தீர்மானிக்கப்படாத பேரினத்தை நேரடியாக ஒரு வரிசையின் கீழ் வைக்க இந்த அமைப்பில் வழியில்லை. ‘குடும்பம் தெரியாது’ என்ற பெயரில் ஒரு போலிக் குடும்பத்தை உருவாக்க நேரும். இல்லாத அலகை இருப்பதாகப் பதிவது அறிவியல் தரவுத்தளத்தில் ஏற்கத்தக்கதன்று.

அப்படியானால் அடிப்படை அமைப்பு என்னவாக இருக்க வேண்டும்?

எல்லா அலகுகளும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு பதிவும் தன் உடனடிப் பெற்றோரின் எண்ணைச் சுமக்க வேண்டும். அலகு எண், பெற்றோர் எண், படிநிலை ஆகிய மூன்று புலங்களே இதன் எலும்புக்கூடு. பெற்றோர் எண் அதே அட்டவணையின் அலகு எண்ணைச் சுட்டும் அயற்சாவியாக இருக்கும்.

புலியின் பதிவு பாந்தராவைச் சுட்டும்; பாந்தரா துணைக்குடும்பமான பாந்தரினேயைச் சுட்டும்; பாந்தரினே ஃபெலிடேயையும், ஃபெலிடே துணைவரிசையான ஃபெலிஃபார்மியாவையும், அது கார்னிவோரா வரிசையையும் சுட்டும். இடையில் ஒரு புதிய நிலை சேர்ந்தால் ஒரு பதிவைச் சேர்த்து, அதற்குக் கீழே வரவேண்டியவற்றின் பெற்றோர் எண்ணை மாற்றினால் போதும். அட்டவணையின் வடிவம் மாறாது. குடும்பம் தீர்மானிக்கப்படாத பேரினம் வரிசையை நேரடியாகச் சுட்டலாம். செட்டேசியாவைப் பொறுத்தவரை, பெற்றோர் எண்ணும் படிநிலையும் ஆக இரண்டு மதிப்புகள் மாறுகின்றன; அதன் கீழுள்ள திமிங்கிலப் பதிவுகளின் பெற்றோர் எண்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தேசிய உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையமான என்.சி.பி.ஐ. வெளியிடும் வகைப்பாட்டுத் தரவும் இதே வடிவில்தான் இருக்கிறது. அதன் கணுக் கோப்பில் ஒவ்வொரு வரியும் அலகு எண், பெற்றோர் எண், படிநிலை என்று தொடங்கும். மனிதனுக்கு 9606, புலிக்கு 9694 என்பவை அங்கு வழங்கப்பட்ட எண்கள்.

ஒரு குடும்பத்தின் கீழுள்ள எல்லாச் சிற்றினங்களையும் இந்த அமைப்பிலிருந்து எடுப்பது எப்படி?

மீள்சுழல் வினவல் மூலம் எடுக்கலாம். தரவுத்தள வினவல் மொழியான எஸ்.க்யூ.எல். மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையில் ‘வித் ரிகர்சிவ்’ என்ற தொடர் இதற்காகவே சேர்க்கப்பட்டது. வினவலின் முதல் பகுதி தொடக்க அலகைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் பகுதி, இதுவரை கிடைத்த அலகுகளைப் பெற்றோராகக் கொண்ட பதிவுகளைச் சேர்க்கும். புதிதாக எதுவும் கிடைக்காதபோது சுழற்சி நிற்கும். போஸ்ட்கிரெஸ் 2009இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தும், எஸ்.க்யூ.லைட் 2014இல் வந்த 3.8.3 பதிப்பிலிருந்தும், மைஎஸ்.க்யூ.எல். 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்தும் இதைத் தருகின்றன. பழைய வழிகாட்டிகள் பலவும் பெற்றோர் எண் முறையைக் குறைசொல்வதற்குக் காரணம், அவை எழுதப்பட்டபோது பரவலாகப் புழங்கிய தரவுத்தளங்கள் சிலவற்றில் இந்த வசதி இல்லாததே. அந்தக் குறை இன்று இல்லை.

பெற்றோர் எண் புலத்துக்குக் கட்டாயம் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்) இட வேண்டும். பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவிக்கு இண்டெக்ஸ் தானாக அமைந்துவிடும். அயற்சாவிக்கு எல்லாத் தரவுத்தளங்களிலும் அப்படி அமைவதில்லை. வினவல் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரு சிற்றினத்திலிருந்து மேல்நோக்கிச் செல்வது சில பத்துப் படிகளில் முடிந்துவிடும். பூச்சிகள் முழுவதையும் எடுப்பது போன்ற கீழ்நோக்கிய வினவல்களே உண்மையில் சுமை கூடியவை.

இடஎண், வலஎண் முறை வேகமானது என்கிறார்களே?

படிப்பதற்கு வேகமானதுதான். அதன் விலை எழுதும்போது தெரியும். ஒரு சிறு மரத்தை எடுத்துக்கொள்வோம். ஃபெலிடேயின் கீழ் பாந்தரா, நியோஃபெலிஸ் என இரண்டு பேரினங்கள். பாந்தராவில் சிங்கமும் புலியும், நியோஃபெலிஸில் படைச்சிறுத்தை மட்டும் இருப்பதாகக் கொள்வோம். மரத்தை இடமிருந்து வலமாகச் சுற்றி வந்து, ஒவ்வோர் அலகிலும் நுழையும்போது ஓர் எண்ணும் வெளியேறும்போது ஓர் எண்ணும் இட்டால், ஃபெலிடே 1–12, பாந்தரா 2–7, சிங்கம் 3–4, புலி 5–6, நியோஃபெலிஸ் 8–11, படைச்சிறுத்தை 9–10 என்று அமையும். பாந்தராவின் வழித்தோன்றல்கள் யாவை என்றால், 2க்கும் 7க்கும் இடைப்பட்ட இடஎண் உடையவை என்று ஒரே நிபந்தனையில் விடை கிடைக்கிறது. சுழற்சி எதுவும் தேவையில்லை.

இப்போது புலிக்கு அடுத்ததாகச் சிறுத்தையைச் சேர்ப்போம். அது 7–8 என்ற இடத்தைப் பெறும். உடனே பாந்தரா 2–9 ஆகவும், நியோஃபெலிஸ் 10–13 ஆகவும், படைச்சிறுத்தை 11–12 ஆகவும், ஃபெலிடே 1–14 ஆகவும் மாற வேண்டும். ஒரே ஒரு சிற்றினத்தைச் சேர்க்க, இருந்த ஆறு பதிவுகளில் நான்கைத் திருத்த நேர்ந்தது. பல லட்சம் பதிவுகள் கொண்ட மரத்தில் புதிய சிற்றினம் தொடக்கப் பகுதியில் சேர்ந்தால் ஏறக்குறைய முழு அட்டவணையும் திருத்தப்படும். அதே நேரத்தில் இன்னொருவர் வேறொரு பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தால் இருவரில் ஒருவர் காத்திருக்க வேண்டியதுதான். எனவே இந்த எண்களை மூலத் தரவாக வைத்துக்கொள்ளாமல், பெற்றோர் எண்ணிலிருந்து அவ்வப்போது கணக்கிட்டு உருவாக்கும் துணைத் தரவாக மட்டும் வைத்திருப்பதே நலம்.

பாதைச் சரம், மூதாதை அட்டவணை ஆகியவற்றில் எது மேல்?

பாதைச் சரம் என்பது வேர் முதல் அந்த அலகு வரையுள்ள எண்களை ஒரே புலத்தில் கோத்து வைப்பது. அமெரிக்க அரசு அமைப்புகளின் கூட்டு முயற்சியான ஐ.டி.ஐ.எஸ். தன் தரவுத்தளத்தில் பெற்றோர் எண்ணுடன் இத்தகைய சரத்தையும் தனி அட்டவணையில் தருகிறது. போஸ்ட்கிரெஸில் எல்-ட்ரீ என்ற நீட்சி இதற்கெனவே உள்ளது. பாதையில் பெயர்களைக் கோக்காமல் எண்களையே கோக்க வேண்டும். பெயரைக் கோத்தால் ஒரு பேரினத்தின் பெயர் மாறும்போது அதன் கீழுள்ள அத்தனை பாதைகளையும் மாற்ற நேரும்.

மூதாதை அட்டவணையில் மூதாதை எண், வழித்தோன்றல் எண், இடைவெளி என மூன்று புலங்கள் இருக்கும். ஒவ்வோர் அலகுக்கும் அதன் மூதாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வீதம் எழுதப்படும். வினவல்கள் மிக எளிமையாகிவிடும். அளவுதான் கவனிக்கத்தக்கது: 20 லட்சம் சிற்றினங்கள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 20 மூதாதையர் என்றால் 4 கோடிப் பதிவுகள். இன்றைய சேமிப்பகங்களுக்கு இது பெரிய சுமை அன்று. ஆனால் ஒரு பெரிய குழுவை இடம் மாற்றும்போது லட்சக்கணக்கான பதிவுகளை நீக்கி மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் பரிந்துரை இதுதான்: பெற்றோர் எண் ஒன்றே மூலத் தரவு. வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்து உறுதியான பிறகு மட்டும் மூதாதை அட்டவணையை அதிலிருந்து உருவாக்குங்கள். இரண்டும் முரண்பட்டால் மூதாதை அட்டவணையை அழித்து மீண்டும் உருவாக்கலாம் என்ற நிலை எப்போதும் இருக்க வேண்டும்.

படிநிலையை வெறும் சொல்லாகச் சேமிக்கலாமா?

கூடாது. படிநிலைகளுக்கென ஒரு சிறு அட்டவணை வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேல்-கீழ் ஒழுங்கைக் காட்டும் எண் தர வேண்டும். ஐ.டி.ஐ.எஸ். உலகத்துக்கு 10, தொகுதிக்கு 30, வகுப்புக்கு 60, வரிசைக்கு 100, குடும்பத்துக்கு 140, பேரினத்துக்கு 180, சிற்றினத்துக்கு 220 என்று இடைவெளி விட்டு எண்ணிட்டிருக்கிறது. இடைநிலைகளை அந்த இடைவெளிகளில் பொருத்தலாம். பெற்றோரின் எண் பிள்ளையின் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற சோதனையை டிரிகர் (பதிவு மாறும்போது தானாக இயங்கும் நிரல்) மூலம் நடத்தினால், குடும்பத்தின் கீழ் வரிசையை வைப்பது போன்ற தவறுகள் உள்ளே நுழையா.

படிநிலையே இல்லாத குழுக்களும் உண்டு என்பதை இங்கே மறக்கலாகாது. பரிணாம உறவை மட்டும் காட்டும் கிளைகளுக்கு மரபான படிநிலைப் பெயர் எதுவும் கிடையாது. என்.சி.பி.ஐ. தரவில் ஏவ்ஸ் என்ற பறவைகள் வகுப்பு, படிநிலையற்ற டைனோசோரியா கிளைக்குள் அமைந்திருக்கிறது. ஆகவே சோதனையை உடனடிப் பெற்றோரோடு மட்டும் நிறுத்தாமல், படிநிலை உடைய மிக அருகிலுள்ள மூதாதையோடு ஒப்பிடுமாறு எழுத வேண்டும்.

அறிவியல் பெயரையே முதன்மைச் சாவியாக வைக்கலாமா? அதுதானே தனித்துவமானது?

அது தனித்துவமானதும் அன்று, நிலையானதும் அன்று. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்புகள் வெவ்வேறானவை. ஒன்றில் ஆளப்பட்ட பெயரை மற்றொன்றில் ஆளத் தடையில்லை. மோரஸ் என்பது முசுக்கட்டைச் செடிகளின் பேரினம். மோரஸ் என்பதே கானெட் என்னும் கடற்பறவைகளின் பேரினமும் ஆகும். இரண்டும் செல்லுபடியாகும் பெயர்கள். பாக்டீரியா என்ற பெயரில் ஒரு குச்சிப்பூச்சிப் பேரினம் உண்டு.

பெயர் மாறுவதற்குப் புலியே சான்று. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் அதற்கு ஃபெலிஸ் டைக்ரிஸ் என்று பெயரிட்டார். 1929இல் விலங்கியலாளர் போகாக் அதைப் பாந்தராவில் சேர்த்தார். பெயரைச் சாவியாக வைத்திருந்தால் இந்த ஒரு மாற்றம் அதைச் சுட்டும் ஒவ்வோர் அட்டவணையிலும் எதிரொலித்திருக்கும். பொருளேதும் இல்லாத ஓர் எண்ணைச் சாவியாக வையுங்கள். ஒருமுறை வழங்கிய எண்ணை எக்காரணம் கொண்டும் வேறோர் அலகுக்கு வழங்காதீர்கள்.

இணைப்பெயர்களை எப்படிக் கையாள்வது?

ஓர் அலகுக்கு வழங்கி, இன்று ஏற்கப்படாத பிற பெயர்களே இணைப்பெயர்கள். பெரும்பாலான வடிவமைப்புகள் தடுமாறும் இடம் இது. அலகு அட்டவணையிலேயே பெயர் என்ற ஒரு புலத்தை வைத்துவிடுவதுதான் தடுமாற்றத்தின் தொடக்கம். பெயர் வேறு, அப்பெயரால் குறிக்கப்படும் உயிரினக் குழு வேறு, அக்குழு மரத்தில் நிற்கும் இடம் வேறு. மூன்றும் தனித்தனிக் காரணங்களால் தனித்தனி நேரங்களில் மாறுகின்றன. ஆகவே மூன்றுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

கருவேல மரத்தைப் பாருங்கள். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் மைமோசா நிலோட்டிகா. பின்னர் அது அகேசியாவுக்கு மாற்றப்பட்டு நெடுங்காலம் அகேசியா நிலோட்டிகா என்று வழங்கியது. அகேசியா என்ற பெரிய பேரினத்தைப் பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அப்பெயரை ஆஸ்திரேலியக் குழுவுக்கே நிலைநிறுத்துவது என 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு ஏற்றது. 2011 மெல்போர்ன் மாநாட்டிலும் அம்முடிவு நிலைத்தது. கருவேலம் 2008 முதல் வச்செல்லியா நிலோட்டிகா ஆனது. மரம் மாறவில்லை, மூன்று பெயர்கள் கடந்து சென்றிருக்கின்றன.

இதைச் சேமிக்கப் பெயர் அட்டவணையில் மூன்று பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பேரினப் பகுதி, சிற்றினப் பகுதி, ஆசிரியர், ஆண்டு, எந்த விதித்தொகுப்பு என்பவற்றோடு, மூலப் பெயரைச் சுட்டும் அயற்சாவி ஒன்றும் இருக்க வேண்டும். பின்னைய இரண்டு பதிவுகளும் மைமோசா நிலோட்டிகாவை மூலமாகச் சுட்டும். விலங்குப் பெயர்களில் ஆசிரியர் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி இடுவதா வேண்டாமா என்பது, சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலேயே இன்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மூலப் பெயரின் சுட்டு இருந்தால் நிரலே அதை முடிவு செய்துகொள்ளும்.

பெயரையும் அலகையும் இணைக்க ஓர் இடை அட்டவணை தேவை. ஏற்கப்பட்ட பெயரா, இணைப்பெயரா என்ற நிலை அதில் இருக்கும். இணைப்பெயரின் பதிவிலேயே ஏற்கப்பட்ட பெயரின் எண்ணை எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு பழைய பெயர் இன்று இரண்டு சிற்றினங்களாகப் பிரிந்த தொகுப்பைக் குறித்திருக்கலாம். ஒரே ஒரு சுட்டுப் புலத்தால் அதைக் காட்ட முடியாது. ஓர் அலகுக்கு ஒரே ஒரு ஏற்கப்பட்ட பெயர்தான் இருக்கலாம் என்ற கட்டுப்பாட்டையும் இதே இடை அட்டவணையில் நிபந்தனையுடன் கூடிய தனித்துவ இண்டெக்ஸாக எழுதிவிடலாம்.

ஆண்டுப் புலத்துக்குக் கீழ்வரம்பு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலங்குப் பெயரிடல் 1758இல் தொடங்குகிறது என்று எண்ணி அதையே வரம்பாக வைத்தால், கிளெர்க் 1757இல் பெயரிட்ட சிலந்திகள் அனைத்தும் நிராகரிக்கப்படும். விதித்தொகுப்பு அவருடைய நூலுக்குத் தனி விலக்கு அளித்திருக்கிறது.

வல்லுநர்களின் வகைப்பாடுகள் முரண்பட்டால் எதைச் சேமிப்பது?

எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும். இதற்கு, பெற்றோர் எண்ணை அலகு அட்டவணையிலிருந்து எடுத்து, வகைப்பாட்டு எண், அலகு எண், பெற்றோர் எண் என்று தனி அட்டவணையாக வைத்தால் போதும். வகைப்பாட்டு எண்ணும் அலகு எண்ணும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற ஒரு கட்டுப்பாடு, ஒரே வகைப்பாட்டில் ஓர் அலகு இரண்டு பெற்றோரைப் பெறுவதைத் தடுக்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு: ஒரே பெயர் இருவர் கையில் இருவேறு பொருள் கொள்வது. ஆப்பிரிக்க யானைகள் அனைத்தும் நெடுங்காலம் லோக்சோடோன்டா ஆஃப்ரிகானா என்ற ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டன. காட்டு யானையை லோக்சோடோன்டா சைக்ளோடிஸ் என்று தனிச் சிற்றினமாகப் பிரிப்பதைப் பலர் ஏற்ற பின்னர், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் ஐ.யு.சி.என். செம்பட்டியல் 2021இல் இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டது. இப்போது, ஆஃப்ரிகானா என்று மட்டும் எழுதப்பட்ட பழைய களப்பதிவு ஒன்று காங்கோ காட்டிலிருந்து வந்திருந்தால், அது இன்றைய பொருளில் சவான்னா யானையைக் குறிப்பதாக எடுத்துக்கொள்வது பிழை. எழுத்து அதே எழுத்து. அது தழுவும் எல்லைதான் சுருங்கிவிட்டது.

இதனால்தான் பெயருடன் ‘யாருடைய கருத்துப்படி’ என்ற சுட்டையும் சேர்த்தே ஓர் அலகை வரையறுக்க வேண்டும் என்ற கொள்கை உருவானது; பெரென்ட்சோன் 1995இல் வெளியிட்ட கட்டுரை தரவுத்தளங்களுக்காக இதை விரிவாக முன்வைத்தது. நடைமுறையில், அகன்ற பொருளிலான ஆஃப்ரிகானாவுக்கு ஓர் எண்ணும், குறுகிய பொருளிலான ஆஃப்ரிகானாவுக்கு வேறோர் எண்ணும் தந்து, முன்னது பின்னதை உள்ளடக்குகிறது என்ற உறவைத் தனி அட்டவணையில் எழுத வேண்டும். கூடுதல் உழைப்புதான். ஆனால் பாதுகாப்பு முடிவுகள் சார்ந்திருக்கும் பதிவுகளில் இந்த உழைப்பைத் தவிர்ப்பது சரியன்று.

கலப்பினங்களுக்கு இரண்டு பெற்றோர் வேண்டாமா?

வேண்டாம். பெப்பர்மின்ட் எனப்படும் மெந்தா பைப்பெரிட்டா, மெந்தா அக்வாட்டிகாவும் மெந்தா ஸ்பைக்காட்டாவும் கலந்து உருவானது. ஆயினும் வகைப்பாட்டில் அதன் பெற்றோர் மெந்தா பேரினம் மட்டுமே. கலப்பின் மூலங்களைத் தனி அட்டவணையில் எழுதுங்கள்.

மரத்துக்குள் வளையம் உருவாவதைத் தடுப்பது எப்படி?

அயற்சாவிக் கட்டுப்பாடு இதைத் தடுக்காது. பாந்தராவின் பெற்றோராக ஃபெலிடேயும், ஃபெலிடேயின் பெற்றோராகப் பாந்தராவும் இருந்தால் இரண்டு சுட்டுகளும் இருக்கும் பதிவுகளையே சுட்டுகின்றன. தரவுத்தளத்துக்குக் குறை தெரியாது, மீள்சுழல் வினவல்தான் முடிவின்றி ஓடும். பெற்றோர் எண் மாறும்போது புதிய பெற்றோரிலிருந்து மேல்நோக்கி நடந்து, அதே அலகை மீண்டும் சந்திக்கிறோமா என்று சோதிக்கும் டிரிகர் ஒன்றை எழுத வேண்டும். படிநிலைச் சோதனை இருந்தால் இத்தகைய தவறுகளில் பல அங்கேயே சிக்கிவிடும்; படிநிலையற்ற கிளைகளுக்கு மட்டும் அது உதவாது.

என்.சி.பி.ஐ. தரவை இறக்குபவர்கள் கவனிக்க: அதில் வேரின் எண் 1, அதன் பெற்றோர் எண்ணும் 1. அப்படியே ஏற்றி, வினவலின் இரு பகுதிகளையும் ‘யூனியன் ஆல்’ கொண்டு இணைத்து மேல்நோக்கி வினவினால் சுழற்சி நிற்காது. வேரின் பெற்றோர் புலத்தை ஏற்றும்போதே நல் (மதிப்பு இல்லை) என்று மாற்றிவிடுங்கள். ‘ஆல்’ இல்லாத ‘யூனியன்’ திரும்ப வரும் பதிவுகளைக் கழித்துவிடும் என்பதால் அதுவும் காப்பாற்றும். ஆனால் ஆழத்தை எண்ணும் புலம் ஒன்றை வினவலில் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் பதிவு வேறுபடுவதால் அந்தக் காப்பு போய்விடும்.

வழக்குப் பெயர்களை எங்கே வைப்பது?

அலகு எண், மொழி, பெயர் என்ற தனி அட்டவணையில் வைக்கலாம். ஒரே வழக்குப் பெயர் பல அலகுகளுக்கும், ஓர் அலகுக்குப் பல வழக்குப் பெயர்களும் உண்டு என்பதால் இங்கே தனித்துவக் கட்டுப்பாடு எதையும் பெயரின் மீது விதிக்க வேண்டாம்.

வெளி மூலத்திலிருந்து வரும் புதுப்பிப்புகளை எப்படி ஏற்றுவது?

முதலில் இடைக்கால அட்டவணையில் ஏற்றி, இருப்பதோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் ஒரே பரிவர்த்தனையில் (முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே தொகுப்பாக) சேர்க்க வேண்டும். முழு அட்டவணையையும் அழித்துவிட்டு மீண்டும் ஏற்றுவது, பழைய எண்களைச் சுட்டிக்கொண்டிருக்கும் மாதிரிப் பதிவுகளை அனாதையாக்கும். இரண்டு அலகுகள் ஒன்றாக இணைந்தால் பழைய எண்ணை நீக்காமல், அது எதனுடன் இணைந்தது என்று எழுதி வையுங்கள், என்.சி.பி.ஐ. இதற்கெனத் தனிக் கோப்பே வெளியிடுகிறது.

ஒரே நேரத்தில் பெருந்திரளாகப் பெயர் மாறுவதும் நடக்கும். பாக்டீரியாக்களின் பெயரிடல் விதிகளில் தொகுதி என்ற படிநிலை 2021இல் சேர்க்கப்பட்டபோது, புரோட்டியோபாக்டீரியா சூடோமொனாடோட்டா ஆனது; ஃபர்மிக்யூட்டிஸ் பாசில்லோட்டா ஆனது. பெயரையும் அலகையும் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு இது சில புதிய பெயர்ப் பதிவுகளோடும் நிலை மாற்றங்களோடும் முடிந்தது. மரத்தில் ஒரு பெற்றோர் எண்ணும் மாற வேண்டியிருக்கவில்லை.

எந்தப் புதுப்பிப்பிலும் தொடக் கூடாத புலம் ஒன்று உண்டு. மாதிரியின் சீட்டிலோ களக் குறிப்பேட்டிலோ எழுதியவர் எழுதியபடியே அமைந்த பெயரை, எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல், மாதிரிப் பதிவிலேயே தனிப் புலத்தில் வைத்திருங்கள். அலகு எண் இன்றைய புரிதலைச் சுட்டும். அந்தப் புலம் அன்று ஒருவர் கண்டு எழுதியதைச் சுட்டும். நாளை அந்தச் சிற்றினம் இரண்டாகப் பிரிந்தால், எந்த மாதிரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆய்வாளர் தேடி வருவது அந்தப் புலத்தைத்தான்.